சுவரில் படம் வரைந்தால் வெட்டுக்குத்து குறையுமா?

கேட்டவர் சமூகப்பணி படித்தவர். சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில் இளைஞர்களோடு வேலை பார்க்கிறார். கஞ்சா, கோஷ்டிச் சண்டை, பழிக்குப் பழி என்று அங்கே நிம்மதி இல்லை. கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் சுவரோவியமும் ராப் பாட்டும் சேர்ந்து ஒரு கொலைக்களத்தையே மாற்றிவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். அது நிஜமா, இங்கேயும் செய்யலாமா, செய்வதென்றால் எதிலிருந்து தொடங்குவது என்பது அவர் கேள்வி.

ஒரு படம் ஒரு கொலையைத் தடுத்ததாக நான் எங்கும் பார்க்கவில்லை. ஆனால் வரையவும் பாடவும் வேண்டி வருடக்கணக்கில் ஓரிடத்தில் கூடிய பிள்ளைகள் அடியாட்களாகப் போகாமல் தப்பியதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. ஊருக்கே தெரிந்தும் வாய்திறக்கப் பயந்த ஒரு விஷயத்தைக் கலை நடுத்தெருவில் போட்டு உடைத்ததற்கும் சான்று இருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலைக்கு அரசாங்கம் காசு கொடுக்கும். இரண்டாவது வேலையைச் செய்தால் வெள்ளையடிக்க ஆள் அனுப்பும். நீங்கள் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மெதெயினில் இரண்டுமே நடந்தன. அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1991இல் மட்டும் மெதெயினில் ஆறாயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். லட்சம் பேருக்கு ஏறக்குறைய 380 கொலை. இப்போது அந்த விகிதம் 15க்கும் கீழே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு வண்ணச் சுவரைக் காட்டினால் காணொளி முடிந்துவிடும், பார்ப்பவருக்கும் மனசு நிறைந்துவிடும். நடந்தது அவ்வளவு சுலபமில்லை. 1993 டிசம்பரில் போதைப்பொருள் கடத்தல் தாதா பாப்லோ எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்ட இடத்துக்காக இடதுசாரிக் கெரில்லாக் குழுக்களும் வலதுசாரித் துணைப்படைகளும் (அரசுப் படை அல்லாத ஆயுதக் குழுக்கள்) தெருக் கும்பல்களும் பத்து வருடம் அடித்துக்கொண்டன. கடைசியில் 'டொன் பெர்னா' என்ற தாதாவின் கைக்குள் ஏறக்குறைய எல்லாக் கும்பல்களும் வந்தன. 2003இல் அவருடைய படை ஆயுதங்களை ஒப்படைத்தது, கொலை எண்ணிக்கை சரிந்தது. 2004இல் மலைச்சரிவுக் குடிசைகளுக்குக் கேபிள் கார் வந்தது. மேயர் செர்ஹியோ ஃபஹார்தோ ஏழைப் பகுதிகளில் பெரிய நூலகங்களைக் கட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போவதுபோல இருந்தது. 2008இல் டொன் பெர்னாவை அமெரிக்காவுக்கு நாடுகடத்தினார்கள், அவர் நாற்காலிக்குச் சண்டை வந்தது, 2009இல் கொலைகள் மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டின. நூலகங்களும் கேபிள் காரும் அப்படியேதான் இருந்தன, ஓவியங்களும் இருந்தன. 2013இல் இரண்டு பெரிய கும்பல்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் எண்ணிக்கை திரும்பவும் இறங்கியது.

ஆக, கொலைக் கணக்கை ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் தாதாக்களின் கணக்கு வழக்குதான். இதைச் சொல்லாமல் மெதெயினைப் பற்றிப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. அப்படியென்றால் கலை என்ன செய்தது என்று கேட்பீர்கள். அதற்கு நகரத்தின் மேற்கே மலைமேல் இருக்கும் கொமுனா 13 என்ற பகுதிக்குப் போக வேண்டும்.

கிராமங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சரிவில் செங்கல்லும் தகரமும் வைத்துக் கட்டிக்கொண்ட இடம் அது. கடற்கரைப் பக்கம் போகும் சாலை அருகிலேயே இருப்பதால் ஆயுதமும் போதைச் சரக்கும் கடத்துபவர்களுக்கு அந்த மலை தேவைப்பட்டது. 2002 மே 21 அன்று ராணுவமும் போலீசும் ஹெலிகாப்டரோடு உள்ளே புகுந்தன. வீடுகளுக்குள் குண்டு பாய்ந்து குழந்தைகள் செத்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிப் போகக்கூட வழியில்லாத நிலையில், மக்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஜன்னல்களிலும் வெள்ளைத் துணி தொங்கியது. துப்பாக்கிச் சூடு நின்றது. இன்று அங்கே போகிறவர்கள் பல சுவர்களில் வெள்ளைத் துணியைப் படமாகப் பார்க்கலாம். வழிகாட்டி சொல்லாவிட்டால் அது ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

அதே வருடம் அக்டோபர் 16 அன்று 'ஓரியன் நடவடிக்கை' நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் வந்தார்கள், கெரில்லாக்கள் துரத்தப்பட்டார்கள், அவர்களுடைய இடத்தில் துணைப்படை உட்கார்ந்தது. பிறகுதான் ஆட்கள் காணாமல்போகத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். உடல்கள் மலைமேல் இருக்கும் கட்டட இடிபாட்டுக் கிடங்கில், லா எஸ்கொம்ப்ரேராவில், புதைக்கப்படுவதாகத் தாய்மார்கள் அப்போதே சொன்னார்கள். லாரி லாரியாக இடிபாடு அதன்மேல் கொட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் அங்கே ராப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்கள் செய்த முதல் வேலை சுவரில் அன்பைப் பற்றி எழுதுவது அல்ல, கச்சேரி வைப்பது. கொமுனா 13இல் கண்ணுக்குத் தெரியாத எல்லைகள் உண்டு. இந்தப் படிக்கட்டு வரை ஒரு கும்பலுக்கு, அதற்கு மேலே இன்னொரு கும்பலுக்கு. தெரியாமல் தாண்டிய பள்ளிக்கூடப் பையன்களே சுடப்பட்டிருக்கிறார்கள். ஹிப்-ஹாப் குழுக்கள் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தன. ஒத்திகைக்கு வருபவன் எல்லையைத் தாண்டித்தான் வர வேண்டும். கச்சேரிக்கு வரும் கூட்டமும் அப்படித்தான். 'சாவு இல்லாத புரட்சி' என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய விழா வருடாவருடம் நடந்தது. பதினான்கு வயதில் ஒரு பையனுக்குக் கும்பல் என்ன தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பட்டப்பெயர், நாலு பேர் மரியாதை, கூடவே நிற்க ஆள், கொஞ்சம் கைக்காசு. ராப் குழுவும் இதையே தந்தது, காசைத் தவிர. கும்பலுக்கு ஆள் சேர்ப்பதில் போட்டிக்கு ஒரு கடை திறந்ததுபோல ஆயிற்று.

போட்டிக்கடை திறந்தால் பழைய கடைக்காரன் சும்மா இருப்பானா? 2009 ஆகஸ்டில் 'கோலாச்சோ' என்று எல்லோரும் கூப்பிட்ட ஹெக்டர் பச்சேகோவைச் சுட்டுக் கொன்றார்கள். சி15 என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அடுத்த சில வருடங்களில் அதே மலையில் இன்னும் பல ராப் பாடகர்கள் கொல்லப்பட்டார்கள். பலர் உயிருக்குப் பயந்து ஊரைவிட்டே போனார்கள். கலையால் வன்முறை குறைந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். கலை சில காலம் வன்முறையைக் கலைஞர்கள்மேல் இழுத்தது என்பதும் உண்மை.

நண்பர்கள் அவர் பெயரில் 'காசா கோலாச்சோ' என்ற வீட்டைத் தொடங்கினார்கள். கோலாச்சோவுடன் சி15இல் பாடிய ஜெய்கோ அதை நடத்தியவர்களில் ஒருவர். ராப், பிரேக் டான்ஸ், டி.ஜே., கிராஃபிட்டி நான்கும் பிள்ளைகளுக்கு இலவசம். காசுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது வந்ததுதான் 'கிராஃபிட்டூர்': வெளியூர்க்காரர்களைச் சுவர்களின் வழியே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு படத்தின் பின்னால் இருக்கும் சம்பவத்தைச் சொல்வது. 2011 டிசம்பரில் நகராட்சி அந்தச் சரிவில் 384 மீட்டர் நீளத்துக்கு எஸ்கலேட்டர் போட்டிருந்தது. அதனால் ஆள் ஏறிவர வசதியாயிற்று. அந்த வருமானத்தில் வகுப்புகள் நடந்தன. நீங்கள் காணொளியில் பார்த்த வண்ணச் சுவர்கள் இங்கிருந்து வந்தவை. ஏறக்குறைய பத்து வருடம் பாட்டும் நடனமும் பிள்ளைகளைச் சேர்த்த பிறகுதான் சுவர் உலகத்துக்குத் தெரிந்தது. நம்மூரில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சுவர், திறப்பு விழா, புகைப்படம், பிறகு எல்லோரும் வீட்டுக்கு.

இரண்டாவது வேலைக்கு வருகிறேன். காணாமல்போனவர்களின் தாய்மார்கள் 'உண்மைக்காக நடக்கும் பெண்கள்' என்ற பெயரில் இருபது வருடத்துக்கும் மேலாக அந்த இடிபாட்டுக் கிடங்கைத் தோண்டச் சொல்லிக் கேட்டார்கள். பைத்தியக்காரக் கிழவிகள் என்று பெயர் வாங்கினார்கள். அவர்களோடு நின்ற கலைஞர்களில் 'ஆகா' என்ற ராப் பாடகர் முக்கியமானவர். 'அக்ரோஆர்ட்டே' என்ற அவருடைய கூட்டமைப்பு பாட்டையும் செடி நடுவதையும் ஒன்றாகச் செய்கிறது. அவர்களுடைய ஒரு நிகழ்வில் பங்கேற்பவர்கள் தங்களையே பாதி உடம்புவரை மண்ணில் நட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் இருப்பார்கள், சுற்றிலும் செடிகள். வசனம் கிடையாது. மலைமேல் யாரோ புதைந்து கிடக்கிறார்கள் என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

2024 டிசம்பரில் லா எஸ்கொம்ப்ரேராவில் முதன்முதலாக மனித எலும்புகள் கிடைத்தன. தாய்மார்கள் சொன்னது நிரூபணமாயிற்று. 2025 ஜனவரியில் இளைஞர்கள் நகரத்தின் ஒரு பெரிய சுவரில் 'கிழவிகள் சொன்னதுதான் சரி' என்று எழுதி வரைந்தார்கள். நகரம் அலங்கோலமாகிறது என்று சொல்லி மேயர் நிர்வாகம் அதன்மேல் பெயின்ட் அடித்து அழித்தது. மறுபடி வரைந்தார்கள். அதே வாசகம் மற்ற ஊர்ச் சுவர்களிலும் வந்தது, சமூக வலைத்தளங்கள் முழுக்க அதே பேச்சு. அழிக்காமல் விட்டிருந்தால் அது மெதெயினுக்குள் ஒரு சுவரோடு போயிருக்கும். கவனியுங்கள், அதே நகராட்சி சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொமுனா 13இன் சுவர்களைச் சுற்றுலாப் பெருமையாகக் காட்டிக்கொள்கிறது. பறவையும் பூவும் இருக்கலாம், யார் எங்கே புதைந்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதக்கூடாது.

சுற்றுலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொமுனா 13 இப்போது நிரம்பி வழிகிறது. கோலாச்சோவைப் பற்றி ஒன்றும் தெரியாத வழிகாட்டிகள் எஸ்கோபார் படம் போட்ட பனியனை விற்கும் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கும்பல்கள் ஒழிந்துவிடவில்லை. கடைக்காரர்களிடமும் வழிகாட்டிகளிடமும் மாமூல் வாங்குகின்றன. வெளிநாட்டுப் பயணி முன்னால் சுடுவது வியாபாரத்துக்குக் கெடுதல் என்பதும் அந்தத் தெருக்கள் அமைதியாக இருக்க ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதையும் அமைதிக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்கே சந்தேகம்தான்.

கொலம்பியாவிலேயே இன்னொரு ஊர் இதைவிட வேடிக்கையானது, இதைவிடப் பயனுள்ளதும்கூட. தலைநகர் பொகோட்டாவில் 1995இல் அந்தானஸ் மோக்கஸ் என்ற கணித, தத்துவப் பேராசிரியர் மேயரானார். தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, கூச்சல் போட்ட மாணவர்களுக்கு முன்னால் கால்சட்டையைக் கழற்றிக் காட்டியவர். (நம்மூர்த் துணைவேந்தர் யாரையும் கற்பனை செய்துவிடாதீர்கள்.) லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துப் போலீஸ் பிரிவைக் கலைத்துவிட்டு, முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய மௌன நாடகக் கலைஞர்களைச் சந்திப்புகளில் நிறுத்தினார். முதலில் இருபது பேர், பிறகு நானூறுக்கும் மேல். சிக்னலை மதிக்காமல் நடப்பவர் பின்னாலேயே போய் அவரைப்போலவே நடந்து காட்டுவார்கள். கோட்டைத் தாண்டி நின்ற காரைத் தள்ளுவதுபோலப் பாவனை செய்வார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அபராதம் கிடையாது, அடியும் கிடையாது. பொதுமக்களுக்கு லட்சக்கணக்கில் அட்டைகள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மேல்நோக்கிய கட்டைவிரல், மறுபக்கம் கீழ்நோக்கியது. யாராவது தவறாக ஓட்டினால் கெட்ட வார்த்தைக்குப் பதில் அட்டையைக் காட்டலாம். மக்கள் தாமாகக் கொடுத்த துப்பாக்கிகளை உருக்கிக் குழந்தைகளுக்கான கரண்டி செய்தார்கள். தன்னைக் காயப்படுத்தியவரின் முகத்தைப் பலூனில் வரைந்து அதை உடைக்கும் 'வன்முறைத் தடுப்பூசி' முகாம்களுக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

1993இல் லட்சத்துக்கு 80ஆக இருந்த பொகோட்டாவின் கொலை விகிதம், அவருடைய இரண்டாவது பதவிக்காலம் முடிந்த 2003இல் 23 அளவுக்கு வந்திருந்தது. சாலை விபத்துச் சாவுகள் பாதியாயின. முழுப் பெருமையும் முகச்சாயத்துக்குப் போகாது. மதுக்கடைகளை இரவு ஒரு மணிக்கு மூடவைத்தார்கள், போலீசைச் சீர்திருத்தினார்கள், நடுவில் வந்த மேயரும் பூங்காக்களும் சைக்கிள் பாதைகளும் போட்டார். ஆனாலும் மோக்கஸ் ஒன்றைச் சரியாகப் பிடித்தார். ஒருவரின் மனதை மாற்றுவது கஷ்டம். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அவருடைய கணிப்பை மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை. எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று நினைப்பவன், சந்திப்பில் ஐம்பது பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கணக்கை மாற்றிக்கொள்கிறான்.

ருவாண்டாவில் எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. இனப்படுகொலைக்குப் பிறகு சமாதானத்துக்காக ஒலிபரப்பான ஒரு வானொலித் தொடர் நாடகத்தை ஒரு வருடம் ஊர்க் குழுக்களாக உட்கார்ந்து கேட்கவைத்தார். வேறு சில ஊர்களுக்கு உடல்நலம் பற்றிய நாடகம். சமாதான நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது வேறு: எதை வெளியே பேசலாம், அக்கம்பக்கத்தார் எதை ஏற்றுக்கொள்வார்கள் என்பது பற்றிய அவர்களுடைய எண்ணமும், குழுவில் அவர்கள் நடந்துகொண்ட விதமும். கூட்டமாகக் கேட்டது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. தனித்தனியாகக் கைப்பேசியில் கேட்டிருந்தால் பக்கத்து ஆள் எதற்குச் சிரித்தான், எதற்குத் தலையாட்டினான் என்று தெரிந்திருக்காது. தெருமுனை நாடகத்தின் பலமும் இதுவே.

சான்று என்று சொன்னேன் அல்லவா, எண்ணோடு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வெனிசுவேலாவின் 'எல் சிஸ்தேமா' ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வாத்திய இசை கற்றுத்தரும் பெரிய திட்டம். அதை 2,914 குழந்தைகளை வைத்துக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். சேர்ந்த பிள்ளைகளின் சுயகட்டுப்பாடு கொஞ்சம் கூடியிருந்தது, நடத்தைக் கோளாறுகள் கொஞ்சம் குறைந்திருந்தன. தாய் அதிகம் படிக்காத பிள்ளைகளிடமும், வன்முறைக்கு நடுவில் வளர்ந்த ஆண்பிள்ளைகளிடமும் பலன் கூடுதல். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அதிகம் உதவியிருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் ஓர் இடி: சேர்ந்தவர்களில் ஏழைகள் பதினேழு சதவீதத்துக்கும் குறைவு, ஆய்வு நடந்த மாநிலங்களின் குழந்தைகளிலோ அது ஏறக்குறைய பாதி. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம் என்று கதவைத் திறந்துவைத்தால், ஏற்கெனவே அக்கறையுள்ள அம்மாக்களின் பிள்ளைகள்தான் முதலில் வருவார்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா இன்னொரு பாடம். 1984இல் அங்கே சுவரில் கிறுக்கும் பையன்களைத் தண்டிப்பதற்குப் பதில் வேலைக்கு எடுத்தார்கள். ஜேன் கோல்டன் என்ற ஓவியர் அவர்களை வைத்துப் பெரிய சுவரோவியங்கள் வரையத் தொடங்கினார். அது நகரத்தின் நிரந்தரத் திட்டமாக வளர்ந்து இன்றுவரை நாலாயிரத்துக்கும் மேல் ஓவியங்கள் வந்துவிட்டன. அந்த நகரத்தில்தான் 2021இல் 562 கொலைகள் நடந்தன, அதன் வரலாற்றிலேயே அதிகம். நாலாயிரம் ஓவியத்தால் அதை நிறுத்த முடியவில்லை. அதே ஊரில் குப்பையும் புதரும் மண்டிய 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்து மரவேலி போட்டார்கள், சிலவற்றைச் சும்மா விட்டார்கள். சரிசெய்த மனைகளைச் சுற்றி, மிகவும் ஏழ்மையான பகுதிகளில், துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. துப்பாக்கியை ஒளித்துவைக்கவும் கஞ்சா விற்கவும் புதர் இல்லை, ஆட்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். படம் வரைய ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தெருவிளக்குக்கும் குப்பை மேட்டுக்கும் கொடுக்கலாமா என்று யோசியுங்கள். கலைக்காரர்களுக்கு இது கசக்கும்.

பிலடெல்பியாவின் ஒரு ஓவியத்தை மட்டும் விடமுடியவில்லை. கிராட்டர்ஃபோர்ட் சிறையிலிருந்த ஆயுள்கைதிகளும், குற்றங்களில் பிள்ளைகளையும் கணவரையும் பறிகொடுத்த குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு சுவர் வரைவதாக ஏற்பாடு. சுவருக்குப் போக முடியாத கைதிகள் துணித் துண்டுகளில் வரைவார்கள், அதைச் சுவரில் ஒட்டிவிடலாம். ஆனால் என்ன வரைவது என்பதில் ஒத்துப்போகவில்லை. மனம் திருந்திய கைதியின் கதையைத் தங்கள் தெருவில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று இழந்தவர்களுக்கு என்ன கட்டாயம்? நியாயமான கேள்வி. சண்டை போட்டு, பேசி, கடைசியில் 2004இல் இரண்டு சுவர்கள் வந்தன. ஒன்று கைதிகளின் பாதை, மற்றது பாதிக்கப்பட்டவர்களின் பாதை. ஒரே சுவர் என்று யாராவது வற்புறுத்தியிருந்தால் ஒரு தரப்பு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். படத்தைவிட அந்த மாதக்கணக்கான சண்டையே அங்கே உருப்படியாக நடந்த வேலை என்பேன்.

சரி, உங்கள் பகுதிக்கு வருவோம். கண்ணகி நகர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள பிள்ளைகள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். 2020 தொடக்கத்தில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன. பத்திரிகைகளில் குற்றச் செய்தி அல்லாத காரணத்துக்காக அந்தப் பெயர் அடிபட்டது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்று அங்கிருந்து ஒரு பெண் வந்தபோது அந்தப் பெயருக்குக் கிடைத்த மரியாதை வேறு மாதிரி. சுவரை வெளியூர் ஓவியர் வரைந்துவிட்டுப் போகலாம். கபடியை அந்த ஊர்ப் பிள்ளைதான் ஆட வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். சாயங்காலம் ஆறு மணிமுதல் ஒன்பதுவரை தினமும் திறந்திருக்கும் ஒரு அறையிலிருந்து. பூட்டைத் திறக்கும் ஆள் வருடாவருடம் மாறக்கூடாது. திட்டம் முடிந்தது, நிதி முடிந்தது என்று கிளம்பிவிடும் அண்ணன்களையும் அக்காக்களையும் அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருப்பார்கள். மூன்று வருடத்துக்கு வழியில்லை என்றால் தொடங்க வேண்டாம். என்ன கலை என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கானா பாடுபவன் இருப்பான், சாவு வீட்டில் பறை அடிப்பவன் இருப்பான், ரீல்ஸுக்கு ஆடுபவன் இருப்பான். அவனிடமிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்தை விட்டவர்களையும் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் பார்த்தவர்களையும் வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் வெனிசுவேலாவில் நடந்தது உங்களுக்கும் நடக்கும். பத்தொன்பது வயதுக்காரன் வீட்டுக்குச் சம்பாதித்துத் தர வேண்டியவன், அவனுக்கு ஊக்கத்தொகை இல்லாமல் நடக்காது. பெயின்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ அதைவிட இதற்கு அதிகம் ஒதுக்குங்கள்.

போலீசிடம் தகவல் சொல்லிவையுங்கள், ஆனால் அவர்களை விழாத் தலைவராக்காதீர்கள். ஒரு கோஷ்டியின் கண்ணில் நீங்கள் தகவல் கொடுப்பவர் என்று பட்டுவிட்டால், மாட்டிக்கொள்வது உங்களோடு சேர்ந்த பையன்தான். இரண்டு கோஷ்டியில் ஒன்றின் தலைவர் பெயின்ட் வாங்கித் தருகிறேன் என்று வந்தாலும் இதே பதில்தான். கொல்லப்பட்டவனின் படத்தைச் சுவரில் வரைய நண்பர்கள் ஆசைப்படுவார்கள். அது பழிக்குப் பழிக்கான அழைப்பாகவும் ஆகலாம், அழுவதற்கு ஒரு இடமாகவும் ஆகலாம். அவன் அம்மாவிடமும் எதிர்த்தரப்புப் பெரியவர்களிடமும் பேசாமல் தொடாதீர்கள்.

கடைசியாக, நிதி கொடுப்பவர் கொலை குறைந்ததா என்று கேட்பார். அந்த எண்ணில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இருபதாயிரம் பேர் வாழும் பகுதியில் ஒரு வருடம் மூன்று கொலை, அடுத்த வருடம் ஒன்று என்றால் அது உங்கள் சாதனையாகவும் இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அவ்வளவு சின்ன எண்ணிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் அது நாலாகிவிட்டால் உங்கள் அறையை மூடச் சொல்வார்கள். எண்ணக்கூடியதை எண்ணுங்கள். எந்த பிளாக்கிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், எதிர் பிளாக் பையன் ஒத்திகைக்கு வந்துவிட்டு ஒன்பது மணிக்கு அந்தத் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்து போகிறானா, இல்லை மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறானா என்று ஒரு நோட்டில் மாதாமாதம் குறித்துவையுங்கள்.